வேர்டுல லிங்க் பண்ண எக்செல் நம்பர் தானா மாற மாட்டேங்குது, அதைவிட மோசம் பழைய பார்ட்டி நம்பர் வருது. ஹெல்ப் ப்ளீஸ்

மதுரை_கணக்கன்:

எல்லாருக்கும் வணக்கம். மதுரைல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், பேங்க் லோனுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ரெடி பண்றதுதான் முக்கால்வாசி வேலை. கணக்கு எல்லாம் எக்செல்ல இருக்கும், காஸ்ட் ஆஃப் ப்ராஜெக்ட், மீன்ஸ் ஆஃப் ஃபைனான்ஸ், ப்ராஃபிட்டபிலிட்டி, டி.எஸ்.சி.ஆர் (வர்ற வருமானத்துல கடனைக் கட்ட முடியுமான்னு காட்டுற விகிதம்), ரீபேமெண்ட் ஷெட்யூல் எல்லாம் தனித்தனி ஷீட்டு. எழுத்து வேலை வேர்டுல, 38 பக்கம் வரும். முன்னாடி ஒவ்வொரு தடவையும் டேபிளை காப்பி பண்ணி ஒட்டுவோம், அதுல உயிர் போகுதுன்னு போன வருசம் எங்க சீனியர் அண்ணன் ஒருத்தர் பேஸ்ட் ஸ்பெஷல் போயி பேஸ்ட் லிங்க்னு வச்சு ஒரு டெம்ப்ளேட் பண்ணிக் குடுத்துட்டு வேற வேலைக்குப் போயிட்டார். மொத்தம் 11 டேபிள், அது போக பாராவுக்கு நடுவுல வர்ற லோன் அமவுண்ட் மாதிரி சில நம்பரும் லிங்க்தான்னு சொன்னார்.

இப்ப பிரச்சனை என்னன்னா போன வாரம் கோவில்பட்டி பக்கம் ஒரு கடலைமிட்டாய் யூனிட்டுக்கு ரிப்போர்ட் போட்டோம். மொதல்ல மெஷினரி கொட்டேஷன் 28.40 லட்சம், மொத்த ப்ராஜெக்ட் காஸ்ட் 46.20. அப்புறம் பார்ட்டி வேற இடத்துல பேசி மெஷினரியை 24.15க்கு கொண்டு வந்துட்டாரு, மொத்தம் 41.95 ஆயிருச்சு. எக்செல்ல மாத்துனேன், வேர்டை திறந்தேன், லிங்க் இருக்கு அப்டேட் பண்ணவான்னு கேட்டுச்சு, எஸ் குடுத்தேன், டேபிள் எல்லாம் மாறிருச்சு, சரின்னு பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பண்ணி அனுப்பிட்டேன். பேங்க்ல மேனேஜர் ரெண்டு இடத்துல சிவப்பு பேனால வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிட்டார். 4ஆம் பக்கம் பாராவுல லோன் 34.65 லட்சம்னு பழசு அப்படியே நிக்குது, 9ஆம் பக்கம் டேபிள்ல 31.46ன்னு புதுசு. ஆடிட்டர் சார் ஒரு வார்த்தை திட்டல, சும்மா பேப்பரை என் டேபிள்ல வச்சுட்டுப் போனார். திட்டிருந்தாக்கூட பரவால்ல.

அதைவிட பயங்கரம் ரெண்டாவது. இன்னொரு பார்ட்டி, மாவு மில்லு. கடலைமிட்டாய் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணி பேரை மாத்தி, உள்ள இருக்கிற எக்செல்ல மாவு மில்லு நம்பரைப் போட்டு வேர்டைத் திறந்து எஸ் குடுத்தா கடலைமிட்டாய் கணக்கு வந்து உக்காந்திருக்கு!! நல்லவேளை அனுப்புறதுக்கு முன்னாடி கண்ணுல பட்டுச்சு, இல்லைன்னா ஒருத்தர் வீட்டுக் கணக்கு இன்னொருத்தர் கையில போயிருக்கும்.

மூணாவது ஒண்ணு, மெஷினரி லிஸ்ட்ல ஒரு ரோ சேர்த்தா வேர்டுல கீழ டோட்டல் ரோ காணாமப் போயிருது.

வேர்டு 2016 என் சிஸ்டத்துல, சார் சிஸ்டத்துல 2019. தானா அப்டேட் ஆகணும்னா என்ன பண்ணணும்? யாராவது வெலாவாரியா சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.


சும்மா_ஒரு_ஆள்:

கண்ட்ரோல் ஏ, எஃப்9. முடிஞ்சது.


மதுரை_கணக்கன்:

அதைப் பண்ணாம வருவேனா ப்ரோ. பண்ணேன். பாராவுல இருக்கிற 34.65 அசையவே இல்லை, ஹெட்டர்ல ப்ராஜெக்ட் பேரும் பழசுதான். மாவு மில்லு ஃபைல்ல எஃப்9 அடிச்சா இன்னும் வேகமா கடலைமிட்டாய் வருது.


ஃபீல்டு_கோடு_பைத்தியம்:

மதுரைக்காரரே, மொதல்ல ஆல்ட் + எஃப்9 அடிங்க. டாக்குமெண்ட் பாக்கவே கொடூரமா ஆகும், பயப்படாதீங்க, திரும்ப அதையே அடிச்சா பழையபடி வந்துரும். டேபிள் இருந்த இடத்துல எல்லாம் ஒரு நெளிஞ்ச ப்ராக்கெட்டுக்குள்ள லிங்க்னு ஆரம்பிச்சு, எக்செல்.ஷீட்.12ன்னு இருக்கும், அப்புறம் மேற்கோள் குறிக்குள்ள ஃபைலோட முழு பாத், அப்புறம் ஷீட் பேரு, ஆச்சரியக்குறி, ஆர்3சி2:ஆர்18சி7 மாதிரி ஒரு அட்ரஸ், கடைசில \ஏ \பி மாதிரி குட்டி எழுத்துங்க. இதுக்குப் பேருதான் ஃபீல்டு கோடு, உங்க மூணு பிரச்சனைக்கும் பதில் அந்த ஒரு வரியிலேயே இருக்கு.

பாரா நம்பர் ஏன் மாறலன்னு கேட்டீங்க. அந்த 34.65 இருக்கிற இடத்தைப் பாருங்க. அங்க ப்ராக்கெட்டும் கோடும் எதுவும் தெரியலையா, 34.65ன்னே நிக்குதா, அப்ப அது லிங்க்கே இல்லை, யாரோ கையால அடிச்சது. உங்க சீனியர் எல்லாத்தையும் லிங்க் பண்ணேன்னு சொல்லிருப்பார், நடுவுல யாராச்சும் அவசரத்துல அந்த நம்பரை அழிச்சு மேலயே டைப் பண்ணிருப்பாங்க, லிங்க் அந்த நிமிசமே போயிரும், பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. கோடு இருக்கு ஆனா \ஏ இல்லையா, அப்ப அது மேனுவல் லிங்க், திறக்கும்போது தானா மாறாது, எஃப்9 அடிச்சாத்தான் மாறும். \ஏன்னா ஆட்டோமேட்டிக். எஃப்9க்கும் மசியலன்னா லாக் ஆகிருக்கும், அதுமேல கர்சரை வச்சு கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்11 அடிச்சா லாக் எடுத்துரும்.

இனிமே கண்ணுக்குத் தெரியணும்னா ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போயி ஃபீல்டு ஷேடிங்னு இருக்கும், அதை ஆல்வேஸ்னு வச்சிருங்க. லிங்க்கா இருக்கிற நம்பர் எல்லாம் சாம்பல் கலர் பின்னணில தெரியும், பிரிண்ட்ல வராது. சாம்பல் இல்லாத நம்பர் எல்லாம் சந்தேகக் கேஸ். நான் ஒரு டெண்டர் டாக்குமெண்ட்ல இதை ஆன் பண்ணிப் பாத்தப்ப 60 நம்பர்ல 22தான் சாம்பலா இருந்துச்சு, மிச்சம் எல்லாம் யாரோ அடிச்சு வச்சது, அன்னைக்கு ராத்திரி தூக்கம் இல்லை.

இப்ப கடலைமிட்டாய் மேட்டர். அந்தக் கோடுல முழு பாத்தும் இருக்குல்ல, சி ட்ரைவ்ல ஆரம்பிச்சு ஃபோல்டர் பேரு வரைக்கும், அதுதான் வில்லன். வேர்டு லிங்க்ல பக்கத்துல இருக்கிற ஃபைலுன்னு நினைவு வச்சுக்காது, ஃபுல் அட்ரஸைத்தான் எழுதி வச்சுக்கும். நீங்க ஃபோல்டரை காப்பி பண்ணி எங்க வேணா கொண்டு போங்க, உள்ள இருக்கிற வேர்டு ஃபைல் இன்னும் பழைய ஃபோல்டருக்குத்தான் தந்தி அடிக்கும். பழைய ஃபைல் அங்கேயே உயிரோட இருக்கு, அதனால எர்ரரும் வராது, சமத்தா பழைய நம்பரை எடுத்துக் குடுத்துரும். பழைய ஃபோல்டரை அழிச்சிருந்தா நாட் எ வேலிட் லிங்க்னு எர்ரராச்சும் வந்து காட்டிக் குடுத்திருக்கும்.

சரி பண்ண ரெண்டு வழி. ஒண்ணு, ஃபைல் மெனுல இன்ஃபோ போனா வலது பக்கம் கீழ எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்னு சின்னதா இருக்கும் (லிங்க் இருக்கிற டாக்குமெண்ட்டை சேவ் பண்ணாத்தான் அது தெரியும், இல்லைன்னா அங்க ஒண்ணும் இருக்காது, தேடித் தேடி மண்டை காயும்). அதுல ஒவ்வொரு லிங்க்கையும் செலக்ட் பண்ணி சேஞ்ச் சோர்ஸ் குடுத்து புது ஃபைலைக் காட்டலாம். உங்களுக்கு 11 டேபிள் ப்ளஸ் பாரா நம்பர்னா கை வலிக்கும்.

ரெண்டாவது, நான் பண்றது. ஆல்ட் + எஃப்9 அடிச்சு கோடு எல்லாம் தெரியிற நிலைமைல கண்ட்ரோல் + ஹெச், ஃபைண்ட்ல பழைய ஃபோல்டர் பேரு, ரீப்ளேஸ்ல புது ஃபோல்டர் பேரு, ரீப்ளேஸ் ஆல். எழுத்து மாதிரியேதான் அந்தக் கோடும், தேடி மாத்திரும். பாத்ல சாய்வுக்கோடு எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கும், அதுல கை வைக்காதீங்க, ஃபோல்டர் பேரை மட்டும் மாத்துங்க. அப்புறம் கண்ட்ரோல் ஏ, எஃப்9, திரும்ப ஆல்ட் + எஃப்9. அரை நிமிச வேலை.

ஒரு பொறி இருக்கு. டேபிளை டெக்ஸ்ட் ராப்பிங் வச்சு மிதக்க விட்டிருந்தா அதோட கோடு ஆல்ட் + எஃப்9ல தெரியாது, ரீப்ளேஸும் அதைத் தொடாது. அதை எல்லாம் இன் லைன் வித் டெக்ஸ்ட்னு மாத்திட்டு ஆரம்பிங்க. 11 டேபிள்ல ஒண்ணே ஒண்ணு மிதந்துட்டு இருந்தா அது மட்டும் கடலைமிட்டாயாவே நிக்கும், அதான் ஆபத்து.

இன்னொரு விசயம், எல்லா பார்ட்டி ஃபோல்டர்லயும் எக்செல் ஃபைல் பேரு ஒண்ணேதானே? எக்செல் ஒரே பேருல ரெண்டு ஃபைலை ஒரே நேரத்துல திறக்காது. பழைய பார்ட்டி எக்செல் பின்னாடி திறந்திருக்கும்போது புதுசை அப்டேட் பண்ணப் பாத்தீங்கன்னா சிக்கல்தான். பார்ட்டி பேரை ஃபைல் பேருலயே சேத்துருங்க. அப்புறம், எக்செல்லை மொதல்ல திறந்து வச்சுட்டு வேர்டைத் திறங்க, அப்டேட் சட்டுனு முடியும், இல்லைன்னா வேர்டு பின்னாடி எக்செல்லை எழுப்பிப் படிச்சுட்டு வர்ற வரைக்கும் உருண்டை சுத்திக்கிட்டே இருக்கும்.


எக்செல்_அக்கா:

மேல சொன்னதெல்லாம் சரி. அந்த ரோ பிரச்சனைக்கு நான் சொல்றேன் தம்பி.

ஆர்3சி2:ஆர்18சி7ன்னா 3ஆவது ரோ 2ஆவது காலம்ல (நெடுக்கு வரிசை) இருந்து 18ஆவது ரோ 7ஆவது காலம் வரைக்கும்னு அர்த்தம். நீ வேர்டை மூடி வச்சுட்டு எக்செல்ல நடுவுல ஒரு மெஷினைச் சேர்த்தா டோட்டல் 19ஆவது ரோவுக்கு எறங்கிரும், வேர்டுக்கு அது தெரியாது, அது சொன்ன சொல் மாறாம 18 வரைக்கும்தான் எடுக்கும். அதான் டோட்டல் காணோம்.

இதுக்கு எக்செல்ல அந்த டேபிள் முழுசையும் செலக்ட் பண்ணு, இடது பக்கம் மேல செல் அட்ரஸ் காட்டுற குட்டி டப்பா இருக்குல்ல, அதுல ஒரு பேரு அடிச்சு என்டர் தட்டு, உதாரணத்துக்கு மெஷின்லிஸ்ட்னு, நடுவுல இடைவெளி விடாம. ஆனா பேரு வச்சதுக்கு அப்புறம் காப்பி பண்ணி பேஸ்ட் லிங்க் பண்ணாலும் வேர்டு அந்தப் பேரை எடுத்துக்காது, மறுபடியும் ஆர் சி நம்பரைத்தான் எழுதும், இங்கதான் பாதி பேர் ஏமாந்து போறாங்க. நீ ஆல்ட் + எஃப்9 அடிச்சு அந்த ஷீட் பேருல இருந்து ஆர்18சி7 வரைக்கும் மேற்கோள் குறிக்குள்ள இருக்கிறதை அழிச்சுட்டு வெறும் மெஷின்லிஸ்ட்னு போட்டு எஃப்9 அடி. இனிமே எக்செல்ல அந்தப் பேரு எவ்ளோ பெருசாகுதோ அவ்ளோவும் வரும். ரோ சேர்க்கும்போது டோட்டலுக்கு மேல சேரு, டோட்டலுக்குக் கீழ சேர்த்தா பேருக்கு வெளிய போயிரும், அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.

இன்னொண்ணு, ரீபேமெண்ட் ஷெட்யூலை எப்படி ஒட்டிருக்கீங்க? வொர்க்‌ஷீட் ஆப்ஜெக்ட்டா ஒட்டுனா அது வேர்டுக்கு ஒரு படம் மாதிரி, ரெண்டு பக்கத்துக்கு உடையாது. 84 மாச ஷெட்யூல்னா பக்கத்துக்குக் கீழ வழிஞ்சு பாதி வெட்டுப்பட்டுப் போகும். அந்த மாதிரி நீளமான டேபிளுக்கு பேஸ்ட் லிங்க் பண்ணும்போது ஃபார்மேட்டட் டெக்ஸ்ட்னு செலக்ட் பண்ணுங்க, வேர்டு டேபிளாவே வரும், பக்கம் தாண்டும். காலம் அகலத்தை வேர்டுல இழுத்து சரி பண்ணி வச்சா அடுத்த அப்டேட்ல திரும்பக் கலைஞ்சாலும் கலையும், அதனால அகலத்தை எக்செல்லயே சரி பண்ணிக்கோ.

பாரா நடுவுல வர்ற ஒத்தை நம்பருக்கு அன்ஃபார்மேட்டட் டெக்ஸ்ட், சுத்தி இருக்கிற எழுத்து மாதிரியே வந்து உக்காரும். அந்த செல்லு அக்கவுண்டிங் ஃபார்மேட்ல இருந்தா முன்னாடியும் பின்னாடியும் இடைவெளியோட வரும், வரி நடுவுல ஓட்டை பல்லு மாதிரி இருக்கும். நம்பர் ஃபார்மேட்டுக்கு மாத்திரு. நான் எப்பவும் இதுக்குன்னே ஃபார்வேர்டுன்னு (ஃபார் வேர்டு, அதாவது வேர்டுக்காக) தனியா ஒரு ஷீட் வச்சிருப்பேன், பாராவுல போற நம்பர் எல்லாம் அங்க ஒரே காலம்ல, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு. எது எங்க போகுதுன்னு அங்க பாத்தாலே தெரிஞ்சுரும்.


மதுரை_கணக்கன்:

ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. ஆல்ட் + எஃப்9 அடிச்சேன், நெஞ்சு அடைச்சிருச்சு. பாரா நம்பர் மொத்தம் 17, அதுல கோடு இருக்கிறது 9. மிச்சம் 8 கையால அடிச்சது, 34.65 உட்பட. யார் அடிச்சாங்கன்னு கேட்டுறாதீங்க, ஒரு மூணு நான்தான்னு நினைக்கிறேன்.

ரீப்ளேஸ் ஆல் பண்ணி மாவு மில்லை மாவு மில்லாவே ஆக்கியாச்சு. மிதந்துட்டு இருந்த டேபிள் ஒண்ணு இருந்துச்சு அக்யூரேட்டா சொன்னீங்க, டி.எஸ்.சி.ஆர் டேபிள்! அது மட்டும் மாறாம போயிருந்தா பேங்க்ல மானம் போயிருக்கும்.

ஆனா ஹெட்டர்ல இருக்கிற ப்ராஜெக்ட் பேரும், முதல் பக்கத்துல டெக்ஸ்ட் பாக்ஸ்ல இருக்கிற லோன் அமவுண்ட்டும் கண்ட்ரோல் ஏ, எஃப்9க்கு அசைய மாட்டேங்குது. கோடு இருக்கு, \ஏவும் இருக்கு.

அப்புறம் சார் சிஸ்டத்துல இதே ஃபைலைத் திறந்தா அப்டேட் பண்ணவான்னு கேக்கவே மாட்டேங்குது, நேரா பழைய நம்பரைக் காட்டுது. ஏன்?


கோவை_மேக்ரோ:

சார் சிஸ்டத்துக்கு மொதல்ல சொல்லிர்றேனுங்க. ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டுல கீழ ஜெனரல்னு ஒரு பகுதி இருக்கும், அதுல அப்டேட் ஆட்டோமேட்டிக் லிங்க்ஸ் அட் ஓப்பன்னு ஒரு டிக். அது அந்த சிஸ்டத்துக்கான செட்டிங், டாக்குமெண்ட்டோட போகாது. அங்க டிக் எடுத்திருப்பாங்க. அதுவும் சரியா இருந்தா, ஃபைலை மெயில்லயோ வாட்ஸ்அப் வெப்லயோ அனுப்பி அவரு அதை டவுன்லோடு பண்ணித் திறக்கறாரான்னு பாருங்க. மேல மஞ்சள் பட்டை வந்து ப்ரொடெக்டட் வியூன்னு நின்னா எனேபிள் எடிட்டிங் குடுக்கற வரைக்கும் எந்த லிங்க்கும் அப்டேட் ஆகாதுங்க. அதுபோக, உங்க சி ட்ரைவ் பாத் அவரு சிஸ்டத்துல இருக்காது இல்லைங்களா, எக்செல் அங்க இல்லாம எங்க இருந்து எடுக்கும்? ரெண்டு பேரும் வேலை செய்யற ஃபைல்னா சர்வர்லயோ ஷேர்டு ஃபோல்டர்லயோ வச்சு, ரெண்டு சிஸ்டத்துலயும் ஒரே ட்ரைவ் எழுத்துல மேப் பண்ணிருங்க. ஒன் ட்ரைவ்ல வைக்காதீங்க, அதுல பாத் சில சமயம் இணைய முகவரியா மாறி உக்காந்துக்கும், நான் பட்ட பாடு போதும்.

திறக்கும்போது ஏன் இப்படி ஒவ்வொரு தடவையும் கேட்டு உயிரை எடுக்குதுன்னு சில பேர் கேப்பாங்க. வெளி ஃபைலை வேர்டு தானாப் போயித் தொடறதை வச்சு திருட்டு வேலை பண்ணிருக்காங்க. 2017ல டி.டி.இன்னு பழைய காலத்து லிங்க் முறையை வச்சு ஆள் ஆளுக்கு வைரஸ் அனுப்பி, அந்த வருசம் டிசம்பர்ல மைக்ரோசாஃப்ட் வேர்டுல டி.டி.இயையே டீஃபால்ட்டா ஆஃப் பண்ணிட்டாங்க. உங்க எக்செல் லிங்க் அந்த வகை இல்லைங்க, அது ஓடும், ஆனா கேக்கறதை நிறுத்தாது. தெரியாத ஆள் அனுப்பின ஃபைல்ல எஸ் குடுக்காதீங்க, அவ்ளோதான்.

ஹெட்டருக்கு வரேன். கண்ட்ரோல் ஏ அடிச்சா நடு உடம்பு மட்டும்தான் செலக்ட் ஆகும், ஹெட்டர், ஃபுட்டர், டெக்ஸ்ட் பாக்ஸ் எல்லாம் வேர்டுக்குத் தனித்தனி ரூம் மாதிரி. மேக்ரோ (வேலையைத் தானா செய்யற குட்டி ப்ரோக்ராம்) வேண்டாம்னா ஆப்ஷன்ஸ்ல டிஸ்ப்ளே போயி கீழ பிரிண்டிங் ஆப்ஷன்ஸ்ல ரெண்டு டிக் இருக்கும், ஃபீல்டு அப்டேட் ஒண்ணு, லிங்க்டு டேட்டா அப்டேட் ஒண்ணு, பிரிண்டுக்கு முன்னாடி பண்ணச் சொல்லி. ரெண்டையும் போட்டுட்டு கண்ட்ரோல் + பி அடிச்சு பிரிவ்யூ பாத்துட்டு எஸ்கேப் அடிச்சு வெளிய வாங்க. பெரும்பாலும் ஹெட்டரும் மாறிரும். அப்பவும் அடம் பிடிச்சா ஹெட்டருக்குள்ள டபுள் க்ளிக் பண்ணிப் போயி அங்க தனியா ஒரு கண்ட்ரோல் ஏ, எஃப்9.

மேக்ரோன்னா ஸ்டோரி ரேஞ்சஸ்னு ஒண்ணு இருக்குங்க, ஒவ்வொரு ரூமையும் அதுல சுத்தி வந்து ஃபீல்ட்ஸ் அப்டேட் குடுக்கணும், ஒவ்வொரு ஸ்டோரிலயும் நெக்ஸ்ட் ஸ்டோரி ரேஞ்ச் இருக்கான்னு பாத்து அதுக்குள்ளயும் போகணும், அதை விட்டா ரெண்டாவது செக்‌ஷன் ஹெட்டர் விட்டுப்போகும். எட்டு வரிதான். ஆட்டோ ஓப்பன்னு பேரு வச்சா திறக்கும்போதே ஓடும். ஆனா மேக்ரோ இருக்கிற ஃபைலை டாக்‌எம்னு சேவ் பண்ணணும், 2022ல இருந்து இணையத்துல இருந்து வர்ற ஃபைல்ல மேக்ரோவை ஆஃபீஸே தடுத்துருது, அதனால உங்க ஆபீஸ் உள்ளுக்கு மட்டும்தான் அது ஒத்து வரும்ங்க.


லிப்ரே_ஆபீஸ்காரன்:

யாராச்சும் சொல்வாங்கன்னு பாத்தேன், யாரும் சொல்லல. லிப்ரே ஆபீஸ் ரைட்டர்ல ஃபைல் லிங்க்கை ரிலேட்டிவா சேவ் பண்றதுக்கு ஆப்ஷன் இருக்கு, டீஃபால்ட்டாவே ஆன்லதான் இருக்கும். இன்சர்ட், செக்‌ஷன் போயி லிங்க்னு டிக் பண்ணி வேற டாக்குமெண்ட்டைக் காட்டுனா அது உள்ள வந்து உக்காரும், ஃபோல்டரோட தூக்கிட்டுப் போனாலும் பக்கத்துல இருக்கிற ஃபைலைத்தான் தேடும். நாங்க ஒரு அறக்கட்டளைக்கு ஆண்டறிக்கை அப்படித்தான் பண்றோம், ஒவ்வொரு கிளையும் தங்களோட பகுதியைத் தனி ஃபைலா எழுதுவாங்க, மெயின் ஃபைல் எல்லாத்தையும் இழுத்துக்கும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ரைட்டர், ஜெனரல்ல லோடு ஆகும்போது லிங்க்கை எப்பவும் அப்டேட் பண்ணு, கேட்டுப் பண்ணு, பண்ணாதேன்னு மூணு இருக்கு. கால்க் (லிப்ரே ஆபீஸோட எக்செல் மாதிரி) நம்பரை ரைட்டர்ல லிங்க்கா கொண்டு வர்றது மட்டும் கொஞ்சம் படுத்தும், அதை ஒத்துக்கிறேன்.

வேர்டுலயும் இதே மாதிரி இன்க்ளூட் டெக்ஸ்ட்னு ஒரு ஃபீல்டு இருக்கு, ஆனா அது திறக்கும்போது தானா மாறாது, எஃப்9 அடிச்சே ஆகணும்.


சும்மா_ஒரு_ஆள்:

கூகுள் டாக்ஸுக்குப் போங்கப்பா எல்லாரும்.


எக்செல்_அக்கா:

போனா மட்டும்? ஷீட்ஸ்ல இருந்து ஒட்டுன டேபிளுக்கு மேல அப்டேட்னு ஒரு பட்டன் வரும், அதை நாமதான் அழுத்தணும், இல்லைன்னா டூல்ஸ்ல லிங்க்டு ஆப்ஜெக்ட்ஸ் போயி அப்டேட் ஆல். அதுவும் தானா மாறாது தம்பி. அழுத்துற விரல் அதேதான்.


மதுரை_கணக்கன்:

எல்லாருக்கும் நன்றி. கோவை சார், டிக் எடுத்துத்தான் இருந்துச்சு சார் சிஸ்டத்துல. இப்ப ரெண்டு சிஸ்டத்துலயும் பி ட்ரைவ்னு மேப் பண்ணியாச்சு. ஹெட்டர் கண்ட்ரோல் + பி ட்ரிக்ல மாறிருச்சு. 11 டேபிளுக்கும் பேரு வச்சாச்சு, அக்கா சொன்ன ஃபார்வேர்டு ஷீட்டும் போட்டாச்சு, கையால அடிச்ச 8 நம்பரும் லிங்க் ஆயிருச்சு.

ஆனா நடுவுல ஒரு காமெடி பண்ணிட்டேன். பேங்குக்கு சாஃப்ட் காப்பி அனுப்பணும்னாங்க, அவங்க திறக்கும்போது லிங்க் கேக்கக்கூடாதேன்னு எங்கயோ படிச்சேன் கண்ட்ரோல் ஏ, கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்9 அடிச்சா லிங்க் எல்லாம் சாதா எழுத்தா மாறிரும்னு. அடிச்சேன். மாறிருச்சு. லிங்க் மட்டும் இல்லை, பொருளடக்கம், பக்க நம்பர் காட்டுற குறுக்குக் குறிப்பு எல்லாம் செத்துப்போச்சு. அதுக்கப்புறம் நடுவுல ஒரு பாரா சேர்த்தேன், பொருளடக்கத்துல 9ன்னு இருக்கு, டேபிள் 10ல இருக்கு, அப்டேட் பண்ணப் பாத்தா அது வெறும் எழுத்து. அதையும் ஒரிஜினல் ஃபைல்லயே பண்ணித் தொலைச்சேன், காப்பில பண்ணல. முந்தின நாள் பேக்கப் இருந்துச்சு, பிழைச்சேன்.


ஃபீல்டு_கோடு_பைத்தியம்:

ஐயையோ. அது டாக்குமெண்ட்ல இருக்கிற எல்லா ஃபீல்டையும் கொன்னுரும், லிங்க்கை மட்டும் தேடிப் பிடிக்காது. மொதல்ல சேவ் ஆஸ் பண்ணி காப்பி எடுங்க. அந்தக் காப்பில எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ் போயி, மொத லிங்க்கை க்ளிக் பண்ணி ஷிஃப்ட்டைப் பிடிச்சுக்கிட்டு கடைசி லிங்க்கை க்ளிக் பண்ணா எல்லாம் செலக்ட் ஆகும், ப்ரேக் லிங்க். பொருளடக்கத்துக்கு ஒண்ணும் ஆகாது. திருத்தத் தேவையில்லாத பார்ட்டிக்குன்னா பி.டி.எஃப்பா அனுப்பிருங்க, அதுல உங்க ஃபோல்டர் பேரும் வெளிய தெரியாது. லிங்க்கோட அனுப்புன வேர்டு ஃபைல்ல ஆல்ட் + எஃப்9 அடிச்சா உங்க பார்ட்டி ஃபோல்டர் பாத் எல்லாம் அவங்களுக்கும் தெரியும், யோசிச்சுப் பாருங்க.


மதுரை_கணக்கன்:

இன்னைக்கு ரிப்போர்ட் திரும்ப அனுப்பியாச்சு. அனுப்புறதுக்கு முன்னாடி நானும் ஆபீஸ் தங்கச்சி ஒண்ணும் உக்காந்து ஒரு ஆள் படிக்க ஒரு ஆள் எக்செல்லைப் பாக்கன்னு எல்லா நம்பரையும் ஒத்துப் பாத்தோம். டேபிள்ல 31.46, பாராவுல 31.46, அட்டையில 31.46. சந்தோசமா சார்கிட்ட கொண்டு போனேன். அவரு கடைசிப் பக்கத்தைத் திறந்தார். டிக்ளரேஷன்ல, எழுத்தால: ருபீஸ் தர்ட்டி ஃபோர் லேக்ஸ் சிக்ஸ்டி ஃபைவ் தவுசண்ட் ஒன்லி.

அதுக்கும் லிங்க் இருக்கா இந்த உலகத்துல?


எக்செல்_அக்கா:

ஹாஹா. வேர்டு ஃபீல்டுல நம்பரை வார்த்தையா மாத்துற கார்டு டெக்ஸ்ட்னு ஒண்ணு இருக்கு, ஆனா 9,99,999 வரைக்கும்தான் போகும், லட்சம் கோடியும் அதுக்குத் தெரியாது. எக்செல்ல பாட் டெக்ஸ்ட்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, எந்த நம்பர் குடுத்தாலும் தாய்லாந்து மொழில எழுத்தால எழுதிக் குடுக்கும். தாய்லாந்துக்காரனுக்கு இருக்கு, நமக்கு இல்லை. ஃபார்வேர்டு ஷீட்ல லோன் அமவுண்ட்டுக்குப் பக்கத்து செல்லுல கையாலயே எழுதி, அதுக்கும் பேரு வச்சு லிங்க் பண்ணிரு, நம்பரை மாத்தும்போது பக்கத்துலயே கண்ணுல படும். தமிழ்ல எழுதுறதா இருந்தா அன்ஃபார்மேட்டட் யூனிகோடு டெக்ஸ்ட்னு செலக்ட் பண்ணி ஒட்டு, சாதா அன்ஃபார்மேட்டட் டெக்ஸ்ட்ல ஒட்டுனா வெறும் கேள்விக்குறியா வரும்.